பழுதாகுமுன் ஒரு படி

ஓலைச்சுவடிகள் அழிந்த கதையைச் சொன்னால் கலங்காத தமிழ் வாசகர் இல்லை. கறையான் அரித்ததும், ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போனதும், அடுப்பெரிக்கப் பயன்பட்டதும் மேடைதோறும் சொல்லப்பட்டு நமக்கு மனப்பாடமாகிவிட்டன. அதே வாசகரின் மேசைக்கடியில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓடிக் களைத்த வன்தட்டு ஒன்று முனகிக்கொண்டிருக்கும். அவர் நடத்தி நின்றுபோன சிற்றிதழின் இதழ்கள் அதில் இருக்கும். மறைந்த நண்பரின் அச்சேறாத கதைகளும் பாதியில் நின்ற மொழிபெயர்ப்பும் இருக்கும். வேறெங்கும் படி கிடையாது. 'இன்னும் ஓடுகிறதே' என்பதே அவருடைய பதிலாக இருக்கும். இன்னும் ஓடுகிறது என்பதனால்தான் இன்றே படியெடுக்க வேண்டும் என்பது நம் கருத்து. சில கோப்புகளை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொள்வதை நாம் படியெடுத்தல் என்று கொள்ளவில்லை. தட்டின் முதல் எண்முதல் கடைசி எண்வரை முழுவதையும் எடுக்க வேண்டும் என்கிறோம்.

கணினிக் கடைக்காரர்கள் இதனை 'குளோன்' என்பர். டாலி என்னும் ஆட்டுக்குட்டியின் புகழால் இச்சொல்லுக்குத் தமிழில் 'படியாக்கம்' என்ற பெயரும் வந்து சேர்ந்தது. நமக்குப் 'படி' ஒன்றே போதும். ஏட்டைப் பார்த்து வேறோர் ஏட்டில் எழுதியதையும் நம் முன்னோர் படி என்றே வழங்கினர். கோப்புகளை மட்டும் எடுப்பதிலிருந்து வேறுபடுத்த வேண்டிய இடங்களில் 'முழுப்படி' என்போம்.

சுவடிக் காலத்து மரபில் நாம் மறந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. சங்கப் பாடல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்ததற்கு ஓலையின் வலிமை காரணமன்று. இன்று நூலகங்களில் உள்ள தமிழ்ச் சுவடிகளில் மிகப் பெரும்பான்மை கடந்த சில நூற்றாண்டுகளில் எழுதப்பட்டவை. அவற்றுக்கு முந்தைய ஏடுகள் மடிந்துபோயின. மடியுமுன் அவற்றை யாரோ பெயர்த்தெழுதினர். பழைய ஏட்டின் உயிர் புதிய ஏட்டில் ஏறியது. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் எழுத்தாணியும் கையுமாய் அமர்ந்திருக்கிறார். தொழிலாக எழுதியவரும் உண்டு, மடத்துக்காக எழுதியவரும் உண்டு. படிக்கத் தமக்கொரு படி வேண்டுமென்று எழுதிய மாணவரும் உண்டு. எழுதி முடித்த நாளையும் தம் பெயரையும் ஏட்டின் இறுதியில் பொறித்து, பிழை இருப்பின் பொறுக்குமாறு கேட்டுக்கொண்ட அந்த மனிதர்களின் தொடர்ச்சி அறுந்த இடத்தில்தான் நூல்கள் அழியத் தொடங்கின.

1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை, கையில் எடுத்தாலே உதிரும் நிலையில் ஏடுகள் இருந்ததைப் பதிப்புரையில் நொந்து எழுதினார். கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகள் நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடப்பட்ட செய்தியைக் கேட்ட உ. வே. சாமிநாதையர் கொண்ட துயரம் 'என் சரித்திரம்' படித்தோர் அறிந்தது. சிதைந்த ஏட்டை நீருக்கோ நெருப்புக்கோ தருவது படியெடுத்து முடிந்தபின் செய்யும் மரியாதையாகத் தொடங்கியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. படியெடுக்கும் கை ஓய்ந்தபின் சடங்கு மட்டும் எஞ்சியது. பழைய கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடும் நம் காலத்து வழக்கத்துக்கு அந்தச் சடங்கின் மரியாதைகூடக் கிடையாது.

ஆனால் ஏட்டுக்கும் வன்தட்டுக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. படியெடுக்கும் காலத்தை முடிவு செய்வதே அந்த வேறுபாடுதான். ஏடு மெல்ல மடிகிறது. முதலில் ஓரம் போகும், பிறகு துளை விழும், அதன்பின் எழுத்தின் கொம்பும் காலும் தேயும். பார்ப்பவர் கண்ணுக்கு அது தன் மூப்பைச் சொல்லிக்கொண்டே இருக்கும். வன்தட்டு அப்படியன்று. உள்ளே கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன, காந்தப் பூச்சுடைய வட்டத்தட்டுகள் சுழல்கின்றன. மேசைக் கணினியில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று, நொடிக்கு 120. அவற்றின்மேல் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல், காற்றுப்படலம் ஒன்றில் மிதக்கிறது. இன்றைய தட்டுகளில் அந்த இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமயிரின் பருமனோ பல்லாயிரம் நானோமீட்டர். முனை ஒருமுறை தட்டில் உரசினால் பூச்சு பெயர்கிறது. பெயர்ந்த துகள் உள்ளேயே சுழன்று மேலும் உரசுகிறது. நேற்றிரவு ஒழுங்காக மூடிவைத்த கணினி இன்று காலை 'டக், டக்' என்று தட்டிவிட்டு நின்றுபோவது இவ்வாறுதான். முனையின் உரசல் மட்டுமே காரணமன்று. சுழற்றும் மோட்டார் இறுகிக்கொள்ளலாம், அடியிலுள்ள மின்சுற்றுப் பலகை கருகலாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்தாலும் கேடு நேரும். 2012-இல் நம் மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்தபோது ஓடிய தட்டுகள் எத்தனை முறை அப்படி நடுவழியில் நின்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது என்பது உண்மை. 'ஸ்மார்ட்' என்று அதற்குப் பெயர். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் எவரும் அதைப் பார்த்துக்கொள்ளலாம். பழுதான துண்டங்களைக் கைவிட்டு மாற்றிடம் தந்த எண்ணிக்கை ஒரு வரியில் இருக்கும். படிக்க முடியாமல், முடிவும் தெரியாமல் காத்திருக்கும் துண்டங்களின் எண்ணிக்கை வேறொரு வரியில் இருக்கும். இவ்விரண்டும் சுழியமாக இல்லையெனில் அன்றே படியெடுக்க வேண்டும். ஆனால் சுழியமாக இருப்பதை நம்பி உறங்கிவிடவும் கூடாது. 2007-இல் கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மூவர், தங்களிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். முதல் வருடல் பிழை தோன்றிய தட்டு, அடுத்த அறுபது நாள்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழை தோன்றாத தட்டைவிட 39 மடங்கு என்று அதில் கண்டனர். அச்சமூட்டும் செய்தி அதன் அடுத்த பக்கத்தில் இருந்தது. வெப்பநிலையை விலக்கிப் பார்த்தால், பழுதான தட்டுகளில் 36 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை எந்தக் குறியும் காட்டாமலே போய்ச் சேர்ந்திருந்தன. அதே மாநாட்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் வாசித்த கட்டுரை வேறொரு கோணத்தில் இதையே உறுதி செய்தது. உற்பத்தியாளர் தாளில் போட்ட கணக்கின்படி ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுகூடப் பழுதாகக் கூடாது. நடைமுறையில் இரண்டிலிருந்து நான்கு வரை மாற்றப்படுவது வழக்கமாக இருந்தது. வயது ஏற ஏற அந்த எண்ணும் ஏறியது. மூன்றில் ஒன்று சொல்லாமல் போகும் என்றால், அது சொல்லட்டும் என்று காத்திருப்பதில் என்ன பயன்?

இனி, கோப்புகளை மட்டும் எடுத்தால் போதாதா என்னும் வினா. வேறு மொழியாருக்கு ஒருவேளை போதும். தமிழருக்குப் போதாது. இக்கட்டுரை எழுதப்படுவதற்கே அதுதான் காரணம்.

தொண்ணூறுகளிலும் அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளிலும் நம் சிற்றிதழ்களும் நூல்களும் பெரும்பாலும் பேஜ்மேக்கரில் கோக்கப்பட்டவை. ஒருங்குறி அன்று அச்சுக்கூடங்களை எட்டவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துரு, தனக்கென ஒரு குறியீட்டு வரிசை வைத்திருந்தது. பாமினி ஒரு வழி, வானவில் ஒரு வழி, ஸ்ரீலிபி மற்றொரு வழி. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி 'டாப்', 'டாம்' என்னும் இரண்டு தரங்களை வகுத்தது. இணையத்தில் 'திஸ்கி' வேறு புழங்கிற்று. ஒருங்குறியையும் டேஸ்-16 என்பதையும் தமிழக அரசு தரமாக ஏற்றது 2010-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அடித்தவையெல்லாம் எழுத்துருவோடு ஒட்டிப் பிறந்தவை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். பாமினி புகழ் பெற்றது. அதை மாற்றித்தரும் கருவிகள் இருக்கின்றன. ஊர்ப்புறத்து அச்சகம் ஒன்றுக்காக யாரோ ஒருவர் திருத்தியமைத்த, பெயரே தெரியாத எழுத்துருவுக்கு யார் கருவி செய்து தருவார்? அந்த எழுத்துரு இருக்கும் ஒரே இடம் அந்த அச்சகத்தின் பழைய தட்டில், விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையில்தான். 'இதழ்கள்' என்று பெயரிட்ட கோப்புறையை மட்டும் அள்ளிக்கொண்டு வருபவர், பூட்டை எடுத்துக்கொண்டு சாவியைச் சுவரிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

முழுப்படியில் எழுத்துரு வருகிறது, விசைப்பலகை இயக்கி வருகிறது, பேஜ்மேக்கர் வருகிறது, அது ஓடிய பழைய விண்டோஸும் அப்படியே வருகிறது. படியை இன்றைய கணினிக்குள் மெய்நிகர் கணினியாக எழுப்பிவிட்டால் 2003-ஆம் ஆண்டின் அச்சகம் திரைக்குள் திறந்துகொள்ளும். சில தமிழ் மென்பொருள்களுக்கு 'டாங்கிள்' என்னும் பூட்டு தனியே கணினியின் பின்புறம் செருகப்பட்டிருந்தது. அது படியில் வராது. ஆயினும் அடித்து வைத்ததைப் படிப்பதற்குப் பெரும்பாலும் எழுத்துரு ஒன்றே போதும்.

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் ஒளியச்சுக் கூடம் நடத்திய நண்பர் ஒருவரின் கணினியில் இதைச் செய்து பார்த்தோம். 2004-இல் வாங்கிய 80 ஜிபி ஐடிஇ தட்டு. சிற்றிதழ் ஒன்றின் பதினோரு ஆண்டு இதழ்கள் அதில் இருந்தன. எழுதியோரில் சிலர் இன்று இல்லை. தட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. சில இதழ்களைத் திறக்கும்போது மட்டும் ஒரு நிமிடம் மூச்சடைத்து நிற்கும். ஸ்மார்ட் பட்டியலில் காத்திருக்கும் துண்டங்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. பழகிய கணினிப் பழுதுநீக்குநர் ஒருவர், 'ஒரு செக் டிஸ்க் போட்டுவிட்டால் சரியாகிவிடும் சார்' என்றார். வேண்டாம் என்றோம்.

ஏன் வேண்டாம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பழுது பார்க்கும் அந்தக் கட்டளை தட்டின்மேல் எழுதுகிறது. சிதைந்த கோப்புறைகளைத் தன் ஊகத்தின்படி திருத்துகிறது, புரியாதவற்றை வெட்டி வேறிடத்தில் போடுகிறது. நலிந்த முனையை மணிக்கணக்காக அங்குமிங்கும் ஓட்டுகிறது. ஏடு பார்த்துப் பதிப்பிக்க வந்தவர், படியெடுக்குமுன்பே மூல ஏட்டின்மேல் எழுத்தாணியால் தம் திருத்தங்களைக் கீறுவதற்கு இது ஒப்பாகும். முதலில் படி, பிறகு திருத்தம், திருத்தமும் படியின்மேல்தான். பாடபேதம் பார்க்கத் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணினிக் கடைகளில்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

தட்டைக் கழற்றி, மாற்றிணைப்பான் வழியாக, லினக்ஸ் இயங்கும் மற்றொரு கணினியில் மாட்டினோம். விண்டோஸில் மாட்டினால் அது கேளாமலே தட்டின்மேல் எதையாவது எழுதிவைக்கும். நலமான தட்டுக்குத் தைவான் நாட்டார் உருவாக்கிய குளோன்சில்லா போதுமானது. நலிந்த தட்டுக்கு குனு திட்டத்தின் டிடிரெஸ்கியூ வேண்டும். இந்த டிடிரெஸ்கியூ வேலை செய்யும் முறை தேர்ந்த ஏடெழுதியின் முறையாகவே நமக்குப் பட்டது. முதற்சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்ததையெல்லாம் விரைந்து எடுத்துக்கொள்கிறது. தடை வந்தால் அங்கேயே நின்று மல்லுக்கட்டாமல் தாண்டிப் போகிறது. நல்ல பகுதி முழுவதும் பத்திரமான பின்னரே விட்டுவந்த இடங்களுக்குத் திரும்பி, ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சிறிது சிறிதாகச் சுரண்டுகிறது. சாகக் கிடக்கும் தட்டில் இந்த வரிசைமுறையே உயிர். தடைபட்ட இடத்திலேயே முட்டிக்கொண்டிருக்கும் மென்பொருள், நல்ல பகுதியை எட்டுமுன்பே தட்டைக் கொன்றுவிடும். நம் தட்டில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டது. எஞ்சிய சிறு பகுதிக்காக அது இரவெல்லாம் சுரண்டிற்று. மறுநாள் முற்பகலில் நிறுத்தினோம். 212 துண்டங்கள் வரவேயில்லை. துண்டத்துக்கு 512 பைட்டு என்ற கணக்கில் 106 கிலோபைட்.

வராதவை எவை என்பதை அந்த மென்பொருள் தனியொரு வரைபடக் கோப்பில் குறித்துவைக்கிறது. இந்தக் கோப்பைக் கண்டபோது நமக்குப் புறநானூற்றின் 267, 268-ஆம் எண்கள் நினைவுக்கு வந்தன. அப்பாடல்கள் இல்லை. ஆனால் அவை இருந்த இடம் இருக்கிறது. 266-க்கு அடுத்து 269-ஐ 267 என்று எண்ணிட்டு வரிசையைச் சரிக்கட்ட எவரும் துணியவில்லை. ஐங்குறுநூற்றிலும் 129, 130 அவ்வாறே வெற்றிடமாக நிற்கின்றன. இழப்பைச் சரியாகக் குறித்துவைப்பதும் பதிப்புப் பணியே. நம் தட்டில், படியின் மறுபடி ஒன்றில், வராத இடங்களை அடையாளச் சொல் ஒன்றால் நிரப்பி, அச்சொல் எந்தெந்தக் கோப்பில் தென்படுகிறதென்று தேடினோம். மிகுதியும் விண்டோஸின் தற்காலிகக் கோப்பில் கிடந்தன. அதனால் இழப்பு ஒன்றுமில்லை. ஒரேயோர் இதழ்க் கோப்பில் நேர்காணலின் நடுவே சில பத்திகள் போயிருந்தன. அச்சிட்ட இதழ் ஒரு நண்பரிடம் இருந்ததால் அதைப் பார்த்து அடித்துச் சேர்த்தோம். எந்தப் பத்திமுதல் எந்தப் பத்திவரை அச்சிலிருந்து சேர்க்கப்பட்டது என்ற குறிப்பையும் உடன் வைத்தோம். பழைய விண்டோஸ் மெய்நிகர் கணினியில் சிறிது முரண்டு பிடித்த பின் எழுந்தது. முதல் இதழின் தலையங்கம் அதன் சொந்த எழுத்துருவிலேயே திரையில் வந்தது.

செய்ய முனைவோர்க்கு எச்சரிக்கை ஒன்று. மூலம் எது, படி எது என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால் வெற்றுத் தட்டு நிறைந்த தட்டின்மேல் படியெடுக்கப்படும். எல்லாம் சில நொடிகளில் துடைபடத் தொடங்கும். கணினி தரும் பெயர்களை நம்பாமல், தட்டின் மேலொட்டில் உள்ள வரிசை எண்ணைத் திரையில் காட்டும் எண்ணோடு ஒத்துப் பார்த்த பின்பே தொடங்க வேண்டும். புதிய தட்டு பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். இரண்டுமே 500 ஜிபி என்று ஒட்டியிருந்தாலும் சில துண்டங்கள் குறையக்கூடும். ஆகவே பெரிதாகவே வாங்குக. படித் தட்டின்மேல் ஆண்டு, நாள், எடுத்தவர் பெயர், எந்தக் கணினியிலிருந்து என்ற நான்கையும் எழுதி ஒட்டுக. ஏடெழுதியவர்கள் செய்ததும் இதுதானே.

மேகம் இருக்கையில் இவ்வளவு பாடு எதற்கு என்று இளைய நண்பர்கள் கேட்கின்றனர். இணையச் சேமிப்பு நல்லதே. இன்று எழுதுவதை அங்கேயும் வைத்துக்கொள்ளட்டும். அங்கே போவது நாம் தேர்ந்து அனுப்பும் கோப்பு மட்டுமே. எழுத்துருவும் இயங்குதளமும் போவதில்லை. கணக்கு ஒருவர் பெயரில் இருக்கும். அவர் மறைந்தபின் கடவுச்சொல்லும் அவரோடு போகும். நெடுங்காலம் தொடப்படாத கணக்குகளை நிறுவனங்கள் அழித்துவிடும் விதிகளும் வந்துவிட்டன. அச்சிட்ட இதழ்தான் இருக்கிறதே என்போர்க்கு, முன்னூறு படி அச்சிட்ட சிற்றிதழின் முழுத்தொகுதி இன்று எத்தனை நூலகங்களில் உள்ளதென்று அவர்களே தேடிப் பார்க்கட்டும் என்பதே நம் விடை. அச்சுத்தாளில் சொல் தேட முடியாது. மறுபதிப்புக்கு மீண்டும் அடிக்க வேண்டும், மீண்டும் மெய்ப்புப் பார்க்க வேண்டும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் நூல்களை வரிவரியாக மீண்டும் தட்டச்சிட்டுத்தான் இணையத்தில் ஏற்றினர். ஏற்கெனவே தட்டச்சான நூல்களையே அடுத்த தலைமுறையும் அவ்வாறு உட்கார்ந்து அடிக்க வேண்டுமா?

செலவைக் காரணம் காட்டுவோரும் உண்டு. ஓடும் தட்டைப் படியெடுக்க ஒரு புதிய தட்டின் விலையும் ஓரிரவும் போதும். ஓடாத தட்டிலிருந்து மீட்க, அதனைத் தூசியற்ற அறையில் திறந்து முனை மாற்ற வேண்டும். அதற்குக் கேட்கும் தொகை தட்டின் விலையைப் போலப் பல மடங்கு. வருமென்ற உறுதியும் இல்லை. சிற்றிதழ் நடத்திய எவரிடம் அந்தத் தொகை இருக்கும்? ஓசையில்லாத எஸ்எஸ்டி வந்துவிட்டதால் இந்தக் கவலை தீர்ந்தது என்பதும் சரியன்று. அது தேய்ந்தபின் பெரும்பாலும் டக்கென்ற ஓசைகூடத் தராமல் நின்றுவிடும். மின்சாரம் காட்டாமல் நெடுங்காலம் பெட்டியில் வைத்தால் எழுதியது மங்கவும் கூடும். படி என்பது ஒருமுறை எடுத்து முடிகிற வேலையும் அன்று. எடுத்த நாளோடு அது உறைந்துவிடுகிறது. அந்தத் தட்டுக்கும் வயது ஏறும். ஐந்தாறு ஆண்டுக்கொரு முறை மறுபடியும் பெயர்த்தாக வேண்டும்.

இதில் நமக்கே தயக்கம் தரும் பகுதி ஒன்றுண்டு. முழுப்படி என்பது எல்லாவற்றையும் எடுக்கிறது. கணினியில் அழித்த கோப்பு உடனே அழிவதில்லை. அதன் இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, வேறொன்று மேலே எழுதப்படும்வரை உள்ளே கிடக்கிறது. எழுத்தாளர் வேண்டாமென்று நீக்கிய முன்வரைவும், அனுப்பாத கடிதமும், வீட்டுக் கணக்கும், மருத்துவ அறிக்கையும் படியில் வந்துவிடும். பாடபேத ஆய்வாளனுக்கு இது புதையல். குடும்பத்தாருக்கு அப்படியிருக்க வேண்டியதில்லை. ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட், தம் முடிவுபெறாத படைப்புகள் இருந்த வன்தட்டு அழிக்கப்பட வேண்டும் என விரும்பினார். அவர் மறைந்து ஈராண்டுக்குப் பின், 2017 ஆகஸ்டில், இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் நடந்த நீராவி இயந்திரக் கண்காட்சியில், பழைய நீராவி உருளையொன்றை அந்தத் தட்டின்மேல் ஏற்றி நசுக்கினர். மறுபுறம் சல்மான் ருஷ்டியின் பழைய மெக்கின்டாஷ் கணினிகளை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் பெற்று, தட்டுகளை முழுமையாகப் படியெடுத்து, 2010-இல் ஆய்வாளர்க்குத் திறந்தது. அவற்றுள் ஒரு கணினி, அவர் பயன்படுத்திய தோற்றத்திலேயே திரையில் இயங்குமாறு அமைக்கப்பட்டது. எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்பதை ஆசிரியரோடு பேசி வரையறுத்த பின்பே திறந்தனர்.

இரண்டும் எழுத்தாளரின் விருப்பப்படி நிகழ்ந்தவை. இரண்டும் நமக்கு உடன்பாடே. தமிழில் நடப்பது இவ்விரண்டும் அன்று. எழுத்தாளர் மறைகிறார், மேசை மாற்றப்படுகிறது, கணினி பரணுக்குப் போகிறது, மூன்றாண்டு கழித்து எடைக்குப் போகிறது. அழிக்கச் சொல்லி எவரும் கேட்டிருக்க மாட்டார்கள், காக்கச் சொல்லியும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே நாம் வேண்டுவது பெரிய திட்டமொன்றுமில்லை. நம் நூலகங்கள், குறிப்பாகச் சிற்றிதழ்களைச் சேர்த்து வரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவையும், இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்றவையும், அச்சுப் பிரதிகளைப் பெறுவதுபோல வன்தட்டின் முழுப்படிகளையும் முத்திரையிட்டுப் பெற்றுக்கொள்ள முன்வர வேண்டும். இத்தனை ஆண்டுக்குத் திறக்கலாகாது என்ற நிபந்தனையைக் கொடுப்பவர் எழுதித் தரட்டும். கல்லூரித் தமிழ்த்துறைகளில் கணினி அறிந்த மாணவர் இருவரும் மாற்றிணைப்பான் ஒன்றும் இருந்தால், அந்த ஊர் அச்சகங்களின் தட்டுகளை ஒரு கோடை விடுமுறையில் எடுத்துவிடலாம். நாம் மேலே சொன்ன நண்பர் தம் பழைய தட்டை எடைக்குப் போடவில்லை. வராத 212 துண்டங்களின் வரைபடத்தை அச்சிட்டு, அதையும் தட்டையும் ஒரே உறையிலிட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். படிகளில் ஒன்று அவரிடமும் மற்றொன்று இதழின் ஆசிரியர் குடும்பத்தாரிடமும் உள்ளன. மூன்றாவதைப் பெற்றுக்கொள்ள இசையும் நூலகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.